‘அட்ரஸ்’ என்னும் சொல்: பொருளும் அன்றாடப் பயன்பாடும் – ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் மாலை வேளைகளில் நான் நடத்தும் சிறிய ஆங்கில வகுப்புக்கு, வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஓர் இளைஞர் வருகிறார். வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் அவருக்கு வேலை. சென்ற மாதம் அவருடைய மேலாளர் மூன்று வாடிக்கையாளர்களின் புகார்களைக் குறிப்பிட்டு, ‘ப்ளீஸ் அட்ரஸ் தீஸ் பை மன்டே’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இளைஞர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதிவேடுகளைத் தேடி, அந்த மூன்று பேருடைய வீட்டு விலாசங்களையும் பின்கோடு வரை சரிபார்த்துத் திங்கட்கிழமை காலையில் அனுப்பிவைத்தார். மேலாளர் கேட்டது அதுவன்று. புகார்களைக் கவனித்து உரிய நடவடிக்கை எடுக்கும்படிதான் அவர் எழுதியிருந்தார். அன்று மாலை மற்ற மாணவர்கள் போன பிறகு, “சார், அட்ரஸ்னா விலாசம்தானே? சின்ன வயசுலேருந்து அப்படித்தானே சொல்லிக்கிட்டிருக்கோம்?” என்று அவர் என்னிடம் கேட்டார். குரலில் அழுகை இருந்தது.

அவர்மீது எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. சென்னையில் நாம் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் இதுவும் ஒன்று. ஆனால் அதன் ஒரு பொருளை மட்டும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு மற்றவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அன்று அவருக்குச் சொன்ன விளக்கத்தைச் சற்று விரிவாக, படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘அட்ரஸ்’ என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் அடியில் இருப்பது, ‘நேரான’ என்று பொருள்படும் ‘டைரக்டஸ்’ என்னும் லத்தீன் சொல். நமக்கு நன்கு தெரிந்த ‘டைரக்ட்’, ‘டைரக்‌ஷன்’ ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘நோக்கி’ என்று பொருள் தரும் ‘அட்’ என்னும் முன்னொட்டு அதனோடு சேரும்போது, ஒன்றை ஒரு திசை நோக்கி நேராகத் திருப்புதல் என்ற கருத்து பிறக்கிறது. உடையைக் குறிக்கும் ‘டிரெஸ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து, நேராக்குதல், ஒழுங்குபடுத்துதல் என்னும் பொருள் வழியாக வந்ததுதான். கோல்ஃப் விளையாட்டில் பந்தை அடிப்பதற்கு முன் அதை நோக்கி நிலையெடுத்து நிற்பதையும் ‘அட்ரஸ்’ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வினைச்சொல்லாகத்தான் வழங்கியது. பெயர்ச்சொல் பிறகு வந்தது.

ஆகவே இச்சொல்லை எங்கே கண்டாலும், ‘இங்கே எது யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கடிதம் ஒரு வீட்டை நோக்கித் திரும்பினால் அது முகவரி. பேச்சு ஓர் அவையை நோக்கித் திரும்பினால் அது உரை. குரல் ஒருவரை நோக்கித் திரும்பினால் அது விளி. கவனம் ஒரு சிக்கலை நோக்கித் திரும்பினால், அதைக் கையில் எடுத்துக் கவனிப்பதாகப் பொருள். நான்கும் வெவ்வேறு சொற்கள் போலத் தோன்றினாலும் அடியில் ஓடுவது ஒரே நீரோட்டம். அகராதியில் வரிசையாக இருக்கும் பொருள்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வது எளிது என்பதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: தமிழில் எந்தச் சொல், எந்த இடத்தில்

‘விலாசம்’, ‘மேல்விலாசம்’, ‘முகவரி’ ஆகிய மூன்றும் நம்மிடம் உண்டு. பெரியவர்களின் பேச்சில் விலாசமும், அரசுப் படிவங்களிலும் பாடநூல்களிலும் முகவரியும், தெருப்பேச்சில் ‘அட்ரஸ்’ஸும் மிகுதியாக வழங்குகின்றன. பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய எல்லோருக்கும் ‘உறைமேல் முகவரி’ நினைவிருக்கும்; அதற்கு இரண்டு மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி எழுதவைத்த பகுதி அது. ‘முகம்’, ‘வரி’ என்னும் இரு சொற்களும் சேர்ந்த ‘முகவரி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆங்கிலச் சொல்லில் திரும்புதல் இருக்கிறது. நம் சொல்லில் முகம் இருக்கிறது. ஒருவரை நோக்கித் திரும்புவது முகத்தால்தானே?

பேச்சுத் தமிழில் ‘அட்ரஸ்’ வேறு சில பொருள்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘அட்ரஸ் இல்லாம ஆக்கிடுவேன்’ என்பது மிரட்டல். ‘அவருக்கு அட்ரஸ் கொடுத்ததே அந்தப் படம்தான்’ என்பது, அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் படம் என்று பொருள்படும் பாராட்டு. இவை தமிழுக்கே உரிய வழக்குகள்; ஆங்கிலத்தில் இவற்றை அப்படியே சொன்னால் யாருக்கும் புரியாது. முதலாவதற்கு அங்கே சுவடின்றி அழித்தல் என்பது போன்ற தொடரும், இரண்டாவதற்குப் பெயர் பெற்றுத்தருதல் என்ற பொருளுடைய தொடரும்தான் வரும். எனவே பேசும் மொழியைப் பொறுத்து இச்சொல் நடந்துகொள்ளும் விதம் மாறும் என்பதை முதலிலேயே உணர்ந்துகொள்வது நல்லது.

மூன்றாம் படி: முகவரி என்ற பொருளில் எழுதிப் பழகுங்கள்

அன்றாட வாழ்வில் மிகுதியாகத் தேவைப்படும் பொருள் இதுவே என்பதால் இங்கே சற்று நிதானமாகச் செல்வோம். முகவரியை ஆங்கிலத்தில் எழுதும்போது சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்க வேண்டும்: பெயர், கதவு எண், மாடி, தெரு, பகுதி, நகரம், பின்கோடு. இந்த வரிசை மாறினால் கடிதம் போய்ச் சேராமல் போய்விடாது. ஆனால் பிரிப்பவருக்கும் கொண்டுவருபவருக்கும் வேலை கூடும்.

கதவு எண்ணில் சென்னைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாநகராட்சி வீடுகளுக்குப் புதிய எண் கொடுத்த பிறகும் பழைய எண் போகவில்லை. பல வீட்டு வாசல்களில் இரண்டும் இருக்கின்றன. இதைச் சுருக்கமாக ‘14/27’ என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதில் பழையது எது, புதியது எது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். இதனால் நானே ஒருமுறை இழப்பைச் சந்தித்தேன். என் அம்மாவின் ஓய்வூதியம் தொடர்பான ஒரு பதிவுத் தபால், தெருவின் மறுகோடியில் இருந்த வேறொரு 27ஆம் எண் வீட்டுக்குப் போய், பூட்டியிருந்தது என்ற குறிப்போடு திரும்பிவிட்டது. அதை மறுபடி வரவழைக்க மூன்று மாதம் ஆயிற்று. அந்தத் தெருவில் ஒரு வீட்டின் பழைய எண் 27, இன்னொரு வீட்டின் புதிய எண் 27. அன்று முதல் நான் ‘புதிய எண் 27, பழைய எண் 14’ என்று முழுமையாகவே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ‘நியூ நம்பர்’, ‘ஓல்ட் நம்பர்’ என்று சொல்லாகவே எழுதுங்கள், சாய்கோட்டை நம்பாதீர்கள்.

மாடியைப் பொறுத்தவரை, நம் வழக்கு பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுகிறது. தரையோடு இருப்பது ‘கிரவுண்ட் ஃப்ளோர்’. அதற்கு மேலே ஏறினால்தான் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. அமெரிக்கர்களுக்குத் தரைத்தளமே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. வெளிநாட்டிலிருந்து பொருள் அனுப்பும் உறவினருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிவைப்பது நல்லது. மாடிப் போர்ஷன், பின்பக்கப் போர்ஷன் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘அப்ஸ்டேர்ஸ்’, ‘ரியர் போர்ஷன்’ என்று எழுதினால் நம் ஊர்த் தபால்காரருக்குப் போதும்.

தெருப் பெயருக்கு வருவோம். ‘ஸ்ட்ரீட்’ தெரு, ‘கிராஸ் ஸ்ட்ரீட்’ குறுக்குத் தெரு, ‘லேன்’ சந்து, ‘ரோடு’ சாலை, ‘அவென்யூ’ அகன்ற நிழற்சாலை. பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் சென்னையில் இல்லாத பகுதி உண்டா? ‘2வது அவென்யூ’ அண்ணா நகரிலும் உண்டு, அசோக் நகரிலும் உண்டு, பெசன்ட் நகரிலும் உண்டு. ஆகையால் தெருப் பெயரை எழுதிவிட்டுப் பகுதிப் பெயரை விடுவது, கடிதத்தைப் பாதி வழியில் இறக்கிவிடுவதற்குச் சமம். குறுக்குத் தெரு என்றால் அது எந்த நகரின் குறுக்குத் தெரு, எத்தனையாவது என்ற இரண்டையும் எழுத வேண்டும்.

பெயர் மாறிய சாலைகளில் இன்னொரு கவனம் தேவை. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகவும், எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையாகவும், லாய்ட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையாகவும், மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலையாகவும் மாறின. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்றும், நுங்கம்பாக்கம் ஹை ரோட்டுக்கு மகாத்மா காந்தி சாலை என்றும் பெயர். கோயம்பேடு பக்கம் நூறடி ரோடு என்று எல்லோரும் சொல்வது ஜவஹர்லால் நேரு சாலை. பாண்டி பஜார் என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியும். அதன் முறையான பெயர் தியாகராய சாலை. எழுத்தில் முறையான பெயரையும், வழி சொல்லும்போது மக்கள் வழங்கும் பெயரையும் பயன்படுத்துவதே என் வழக்கம். பழைய பத்திரங்களில் பழைய பெயரே இருக்குமென்றால் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

அடுத்தது அடையாளம், ஆங்கிலத்தில் ‘லேண்ட்மார்க்’. ‘நியர்’ என்றால் அருகில், ‘ஆப்போசிட்’ என்றால் எதிரில், ‘பிஹைண்ட்’ என்றால் பின்புறம், ‘நெக்ஸ்ட் டு’ என்றால் அடுத்தது. இவற்றில் ‘நியர்’ மிகவும் தளர்வான சொல். கோயிலுக்கு நேர் எதிரில் இருக்கும் வீட்டுக்கு ‘ஆப்போசிட்’ என்று எழுதுவதே சரி. ‘ஆப்போசிட் டு த டெம்பிள்’ என்பதைவிட ‘ஆப்போசிட் த டெம்பிள்’ இயல்பானது. நம் நகரில் அடையாளங்கள் தாம் நின்ற இடத்தைவிட்டுப் போன பிறகும் பேச்சில் வாழ்கின்றன. 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை இன்றும் ‘ஜெமினி’ என்றுதான் நடத்துநர் சொல்கிறார். அந்தப் பெயரைத் தந்த ஸ்டுடியோ அங்கே இல்லை. ஊர்க்காரர் காதுக்கு அது அழகு. ஆனால் புதிதாக வரும் ஒருவர் படிக்கப்போகும் முகவரியில், கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளத்தையே எழுத வேண்டும்.

கடைசியாகப் பின்கோடு. ‘போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர்’ என்பதன் சுருக்கம்தான் ‘பின்’. ஆகவே ‘பின் நம்பர்’ என்பது கூறியது கூறல், ஆனால் வழக்கில் நிலைத்துவிட்டது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க முறையில், முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவுகள் அடங்கிய தென்மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்று அதைக் கொண்டுசேர்க்கும் அஞ்சலகத்தையும் சுட்டும். 600 என்றால் சென்னை. 600001 ராஜாஜி சாலையில் இருக்கும் தலைமை அஞ்சலகத்தின் எண். அந்தச் செங்கல் மாளிகை 1884 முதல் அங்கே இயங்கிவருகிறது. மயிலாப்பூர் 600004, திருவல்லிக்கேணி 600005, தியாகராய நகர் 600017, மேற்கு மாம்பலம் 600033, அண்ணா நகர் 600040.

‘சென்னை’ என்று எழுதும் எல்லோருக்கும் 600 பொருந்தாது. கூடுவாஞ்சேரியின் பின்கோடு 603202. மாறாக, தாம்பரத்தின் பின்கோடு 600045தான். ஆனால் 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு, தாம்பரத்துக்காரர் படிவத்தில் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற கட்டத்தில் செங்கல்பட்டு என்றுதான் எழுத வேண்டும். பின்கோடு ஒன்றைச் சொல்லும், மாவட்டக் கட்டம் வேறொன்றைக் கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2025இல் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின் இன்னும் நுணுக்கமானது: நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைத் தருகிறது. அது இடத்தைச் சுட்டும். பெயரும் தெருவும் கொண்ட முகவரியின் வேலையை முழுவதுமாக எடுத்துக்கொள்ளாது.

இதே காரணத்தால்தான் ‘அட்ரஸ் அனுப்புங்க’ என்பதற்கும் ‘லொகேஷன் அனுப்புங்க’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். லொகேஷன் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. முகவரி சொற்களால் ஆனது. வாடகை ஒப்பந்தத்திலும் நீதிமன்ற ஆவணத்திலும் அதுவே நிற்கும்.

நான்காம் படி: படிவங்களில் வரும் தொடர்கள்

‘பர்மனென்ட் அட்ரஸ்’ என்பது நிலையான முகவரி. பெரும்பாலும் சொந்த ஊர் வீடு. ‘பிரசென்ட் அட்ரஸ்’ தற்போது வசிக்கும் இடம். ‘கம்யூனிகேஷன் அட்ரஸ்’ கடிதம் வரவேண்டிய இடம். தூத்துக்குடியிலிருந்து வந்து சூளைமேட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவிக்கு மூன்றும் மூன்று விதமாக இருக்கலாம்: ஊர் வீடு நிலையானது, அறை தற்போதையது, கடிதங்களோ அடையாற்றில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வர வேண்டும். அந்த மூன்றாவது முகவரியில்தான் ‘கேர் ஆஃப்’ என்ற தொடர் தேவைப்படுகிறது. தமிழில் அதை ‘மே/பா’ என்று எழுதுவோம். தந்தை பெயருக்கு ‘த/பெ’, கணவர் பெயருக்கு ‘க/பெ’ என்பவை வேறு. இவை உறவைச் சொல்கின்றன, ‘மே/பா’ யார் வீட்டு வாசலில் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

‘அட்ரஸ் ப்ரூஃப்’ என்பது முகவரிச் சான்று. ‘பில்லிங் அட்ரஸ்’ ரசீது யார் பெயருக்கு எந்த முகவரியில் போடப்படுகிறதோ அது. ‘ஷிப்பிங் அட்ரஸ்’ பொருள் வந்து இறங்கும் இடம். கடித உறையில் இந்திய வழக்கப்படி அனுப்புநர் முகவரி இடப்புறம் கீழே வரும். ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று நகரம் இட்டு எழுதுவதே சரி. னகரம் இட்டுப் பலர் எழுதுகிறார்கள். ‘இமெயில் அட்ரஸ்’ஸை நாம் ‘மெயில் ஐடி’ என்கிறோம். இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களிடம் ‘இமெயில் அட்ரஸ்’ என்று சொல்வதே தெளிவு. கணினி வலையில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் ‘ஐபி அட்ரஸ்’ஸும் இதே உவமையில் பிறந்ததுதான்: தகவல் எந்தக் கருவியை நோக்கிப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது.

ஐந்தாம் படி: உரை என்ற பொருள்

நாளிதழ்களில் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஆளுநர் உரை’ என்ற தலைப்பைப் பார்க்கிறோம். ஆங்கில இதழ்களில் அது ‘கவர்னர்ஸ் அட்ரஸ்’. பொதுத் தேர்தலுக்குப் பிந்தைய முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் ஆளுநர் அவையில் உரையாற்ற வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் ஆற்றும் உரை 87ஆம் பிரிவில் வருகிறது. ‘ஸ்பீச்’ என்ற எளிய சொல் இருக்க ‘அட்ரஸ்’ ஏன்? எந்தப் பேச்சும் ‘ஸ்பீச்’தான். ஒரு குறிப்பிட்ட அவையை முன்வைத்து, பதவியின் சார்பில், முறைப்படி ஆற்றப்படுவதே ‘அட்ரஸ்’. கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஆற்றுவது ‘கான்வகேஷன் அட்ரஸ்’. நண்பனின் பிறந்தநாளில் நாம் பேசுவது ‘ஸ்பீச்’.

இதே பொருளில் எழுதிக் கொடுக்கப்படும் மடலும் அடங்கும். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சென்னைக்கு வந்தபோது ஊர் மக்கள் அவருக்கு வரவேற்பு மடல்கள் வாசித்தளித்தார்கள். அவை ‘அட்ரஸ் ஆஃப் வெல்கம்’. அவர் தங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரி நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுத் தலைவரிடம் அளிக்கும் முறையான வேண்டுகோளையும் அரசமைப்புச் சட்டம் ‘அட்ரஸ்’ என்றே குறிப்பிடுகிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் ‘முகவரி’ என்று மொழிபெயர்த்துவிட்டுத் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. எழும்பூர் நிலையத்தில் வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிக்கும் ஒலிபெருக்கி ஏற்பாட்டுக்குப் ‘பப்ளிக் அட்ரஸ் சிஸ்டம்’ என்று பெயர். ‘பி.ஏ. சிஸ்டம்’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். திருமண மண்டபத்து மைக் செட்டும் அதுவே. கூட்டத்தை நோக்கித் திருப்பப்பட்ட குரல்.

ஆறாம் படி: விளி என்ற பொருள்

‘ஃபார்ம் ஆஃப் அட்ரஸ்’ என்றால் ஒருவரை அழைக்கும் முறை. இதைப் புரிந்துகொள்வதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் இலக்கணம் அழைத்தலையே ஒரு வேற்றுமையாக, எட்டாம் வேற்றுமையாக வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ‘விளிமரபு’ என்று ஓர் இயலே உண்டு. ‘தம்பி’ விளியில் ‘தம்பீ’ ஆவதும், ‘மகன்’ ‘மகனே’ ஆவதும் நாம் பேசும்போதே செய்வதுதான். ஆங்கிலத்தில் சொல்லின் வடிவம் மாறாது. ஆனால் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் மரியாதை இருக்கிறது.

காய்கறிக் கடையில் ‘அக்கா’, ஆட்டோவில் ‘அண்ணா’, வங்கியில் ‘சார்’, ‘மேடம்’ என்று நாம் ஒரே காலையில் நான்கு உறவுகளுக்குள் போய்வருகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹவ் ஷுட் ஐ அட்ரஸ் யூ?’ என்று ஒருவர் கேட்டால், உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். வீடு எங்கே என்று அல்ல. அதற்கு, ‘ப்ளீஸ் கால் மீ மாலதி’ என்பது போலப் பெயர் சொல்லிப் பதில் தரலாம். நம் கடிதங்களில் வரும் ‘ரெஸ்பெக்டட் சார்’ இந்திய ஆங்கிலத்துக்கு உரியது, உள்ளூர் அலுவலகத்துக்கு ஏற்றது. வெளிநாட்டுக்கு எழுதும்போது ‘டியர் சார்’ என்றோ, பெயர் தெரிந்தால் பெயரோடோ எழுதலாம். நீதிமன்றங்களில் ‘மை லார்ட்’ என்பதற்குப் பதிலாக ‘யுவர் ஆனர்’ போன்றவற்றைப் பயன்படுத்தலாம் என்று இந்திய வழக்கறிஞர் கழகம் 2006இல் விதி வகுத்தது. ஒரு விளிச்சொல்லுக்காக விதியே எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து அதன் எடையை அறியலாம்.

ஏழாம் படி: எழுத்து, ஒலிப்பு, சிறு இலக்கணம்

எழுத்துக்கூட்டலில் ‘டி’ இரண்டு, ‘எஸ்’ இரண்டு. வகுப்பில் விடப்படுவது பெரும்பாலும் இரண்டாவது ‘டி’. பன்மையில் ‘அட்ரஸஸ்’. பிரிட்டிஷ் ஒலிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். அமெரிக்கர்கள் பலர் முகவரி என்ற பொருளில் முதல் அசையை அழுத்துவார்கள். இரண்டுமே சரி.

உருபு சார்ந்த பிழை ஒன்று நம்மிடம் மிகப் பரவலாக இருக்கிறது. கடிதம் ‘அட்ரஸ்ட் டு த கமிஷனர்’. அங்கே ‘டு’ வேண்டும், ஏனென்றால் கடிதம் ஆணையரை நோக்கிப் போகிறது. ஆனால் தலைவர் கூட்டத்தில் பேசினால் ‘ஹி அட்ரஸ்ட் த மீட்டிங்’. அங்கே ‘டு’வும் வராது, ‘இன்’னும் வராது. ‘கூட்டத்தில் உரையாற்றினார்’ என்னும் தமிழ்த் தொடரில் ‘இல்’ இருப்பதால் நாம் ‘அட்ரஸ்ட் இன் த மீட்டிங்’ என்று எழுதிவிடுகிறோம். சிக்கலைக் கவனிக்கும் பொருளிலும் அப்படியே: ‘அட்ரஸ் த ப்ராப்ளம்’, ‘அபவுட்’ சேர்க்கக் கூடாது.

எட்டாம் படி: அலுவலகத்தில் வரும் வினை

இனி அந்த இளைஞரின் மின்னஞ்சலுக்கு வருவோம். ‘அட்ரஸ் த இஷ்யூ’ என்பதைத் தமிழில் ‘பிரச்சினையை முகவரியிடுதல்’ என்று இயந்திர மொழிபெயர்ப்பு போல எழுதுவதை இப்போது அறிவிப்புகளில்கூடக் காண்கிறேன். தமிழில் அப்படி ஒரு வழக்கு இல்லை. கவனித்தல், கையாளுதல், நடவடிக்கை எடுத்தல், எதிர்கொள்ளுதல் என்று இடத்துக்கேற்ற சொல் நம்மிடம் நிறைய இருக்கிறது. இலங்கைத் தமிழர் ‘முகங்கொடுத்தல்’ என்பார்கள். ஒரு சிக்கலை நோக்கி முகத்தைத் திருப்புவது அதில் அப்படியே தெரிகிறது.

இதில் ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. ‘அட்ரஸ்’ செய்வது வேறு. ‘சால்வ்’ அல்லது ‘ரிசால்வ்’ செய்வது வேறு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் பிளம்பரை வரவழைத்து, மோட்டாரைப் பார்க்கச் சொல்லி, வால்வு வாங்க ஆளனுப்பிவிட்டார் என்றால், ‘த இஷ்யூ இஸ் பீயிங் அட்ரஸ்ட்’ என்று சொல்லலாம். குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் ‘ரிசால்வ்ட்’. நிறுவனங்களின் பதிலில் ‘வி ஆர் அட்ரஸிங் யுவர் கன்சர்ன்’ என்று வந்தால், உங்கள் குறையைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். முடித்துவிட்டதாக எண்ணிப் புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதே நேர்மை வேண்டும்: கவனித்துக்கொண்டிருக்கும் ஒன்றை முடிந்ததாகவும், முடிந்ததைக் கவனித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதக் கூடாது.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகு, நானும் அந்த இளைஞரும் வகுப்பறையிலேயே அமர்ந்து மேலாளருக்கு அனுப்ப வேண்டிய பதிலை எழுதினோம். முதலில் அவர் மூன்று வாடிக்கையாளர்களையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்குப் பணம் திரும்பிவிட்டது, ஒருவருக்கு மாற்றுப் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது, மூன்றாமவருக்கு உதிரிபாகம் இன்னும் வரவில்லை. அவரே தட்டெழுதிய பதில் இது: ‘டியர் சார், ஐ ஹேவ் அட்ரஸ்ட் ஆல் த்ரீ கம்ப்ளெயிண்ட்ஸ். டூ ஆர் ரிசால்வ்ட். த தேர்ட் இஸ் வெயிட்டிங் ஃபார் அ ஸ்பேர் பார்ட், அண்ட் ஐ வில் ரைட் டு யூ ஆன் தர்ஸ்டே.’